பை பார்க்க ஒருத்தி

எங்கள் தெருப் பெண்கள் அருவிக்குப் போனால் ஒருத்தி கரையில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுத் துணி, செல்போன், கழற்றி வைத்த வளையல், வீட்டுச் சாவி, மடித்த பர்தா, துண்டில் சுற்றிய இட்லி எல்லாம் அந்தப் பைகளில்தான் இருக்கும். குரங்குகள் வேறு. ஆள் இல்லாமல் முடியாது. யார் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் பேசிக்கொள்வதில்லை. அங்கே போனதும் யாராவது ஒருத்தி, “நீங்க போங்க, நான் இங்கன இருக்கேன்” என்பாள். ஏன் என்று கேட்கக் கூடாது. மாதவிலக்காக இருக்கலாம். காய்ச்சல் அடிக்கலாம். முந்தின நாள் வீட்டில் சண்டை நடந்து, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் இருக்கலாம். காரணம் எதுவானாலும் அவளுடையது. மற்றவர்கள் பைகளை அவள் காலடியில் போட்டுவிட்டு நடந்துவிடுவார்கள்.

மூன்று சீசனாக அந்த இடம் ஜாஹிரா பீவியுடையதாக இருந்தது.

ஜாஹிராக்கா எங்கள் எதிர்வரிசை வீட்டில், முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். நாற்பத்தெட்டு வயது. கணவர் அப்துல் மஜீது ரியாத்தில் ஒரு கடையில் இருக்கிறார். மகன் யாசர் ஷார்ஜாவில். யாசரைக் கட்டிய பர்சானா போன தை மாதம்தான் மேலப்பாளையத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வந்தாள். வீட்டில் இப்போது மாமியாரும் மருமகளும் மட்டும்.

நான் வேலைக்கென்று வெளியூர் போய், வேலையை விட்டு, முதுகுப் பையோடு மலைகளும் தீவுகளுமாக அலைந்துவிட்டு இந்த வருஷம் வைகாசிக் கடைசியில் தென்காசிக்குத் திரும்பினேன். வந்த வாரம், எங்கோ சந்தையில் வாங்கிய ஒரு சட்டையைப் பிடித்துத் தைக்க ஜாஹிராக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அதை விரித்துப் பார்த்தார்.

“இது சட்டையா, சாக்கா?”

“சட்டைதான்க்கா. அங்க எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க.”

“எல்லாருமே ஒரே சட்டைக்குள்ளயா? ரெண்டு பேரு தாராளமா நிக்கலாமே ஏட்டி.”

அதன் பிறகு மதியங்களில் அங்கே போய் உட்காருவது பழக்கமாயிற்று. வீட்டில் இருப்புக்கொள்ளாத எனக்கு மெஷின் சத்தம் ஒத்துப்போனது. இனிமேல் சொல்லப்போவதில் பாதி, எல்லாம் நடந்து முடிந்த பிறகு அந்த முன்னறையில் அவர் வாயால் கேட்டது.

முன்பெல்லாம் அருவியில் முதலில் இறங்குகிறவர் ஜாஹிராக்காதான். ஐந்தருவியில் தண்ணீர் நல்ல வேகத்தில் விழும்போது புதிதாக வருகிற பெண்கள் பயந்து ஓரத்திலேயே நின்றுவிடுவார்கள். இவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டுவார். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. தலையைக் குனி, வாயால மூச்சு விடு, தண்ணியை முதுகுல வாங்கு என்று சொல்லி ஒவ்வொருத்தியாக உள்ளே இழுப்பார். பந்தோபஸ்துக்கு நின்ற பெண் போலீஸ் ஒருவரையே யூனிபாரத்தோடு இழுத்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். அதில் பாதி பொய்யாக இருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன் அவருக்கு இடது மார்பில் கட்டி. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. மார்பை முழுவதுமாக எடுத்தார்கள், அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி, திரும்பவும் சுருட்டையாக முளைத்தது. இடது கையில் கனம் தூக்கினால் மட்டும் இன்றைக்கும் வீங்கிவிடும்.

உடம்பு தேறி மெஷினில் உட்கார்ந்ததும் அவர் முதலில் தைத்தது தனக்கு ஒரு ஜாக்கெட். தைக்கக் கொடுக்கிறவர்கள் அளவுக்கென்று ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து தருவார்கள். அளவு ஜாக்கெட் என்று அதற்குப் பெயர். அவருடைய அளவு ஜாக்கெட் இப்போது அவருக்கே ஆகவில்லை. புதிதாக வெட்டினார். இடது பக்கத்துக்கு மெத்தென்று ஒரு துணிப்பொதி தைத்து உள்ளே வைத்தார்.

“பஞ்சு வச்சுப் பாத்தேன். கனமே இல்ல. நடக்கையில அந்தத் தோளு தானா மேல ஏறிக்கிடுது. அரிசி வச்சேன், உறுத்துச்சு. கடைசியில கடுகுதான் அமைஞ்சுது. மெத்துன்னும் இருக்கும், கனமும் சரியா வரும். தையக்காரிக்கு இதுகூடத் தெரியலைன்னா எப்படி?”

அவருக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். அடுத்த சீசனில் வழக்கம்போல முதல் ஆளாக இறங்கி, எல்லோருக்கும் முன்னால் அருவியில் போய் நின்றார். பொதி நனைந்தது. நனைந்த கடுகு கல் மாதிரி கனத்துக்கொண்டு, தண்ணீர் அடித்த அடியில் நழுவி இடுப்புக்கு வந்துவிட்டது.

“வயித்தப் பிடிச்சிக்கிட்டே வெளிய வந்தேன். உங்கம்மை வயித்து வலியான்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து அதத் தூக்கி அடுப்படி மூலையில எறிஞ்சேன். பெறவு அந்தப் பக்கமே போகல. ஒருநாள் தூத்தப் போறேன், துணியப் பொத்துக்கிட்டு முளைச்சிருக்கு. பச்சப்பசேல்னு. எனக்குச் சிரிப்பா வருது, அழுகையாவும் வருது. எதுன்னே தெரியல.”

அதற்கடுத்த தடவை அருவிக்குப் போனபோது, “நீங்க போங்க, நான் இங்கன இருக்கேன்” என்றார். வழக்கப்படி யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நல்ல மனதோடு செய்கிற காரியங்கள் சில சமயம் இப்படி ஆகிவிடுகின்றன. ஜாஹிராவுக்குத் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார் என்று தெருப் பெண்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் அவர் மனம் சங்கடப்படும் என்றும் நினைத்துக்கொண்டார்கள். முதலில் அவராகச் சொல்லி உட்கார்ந்தார். அடுத்த வருஷம் அவர் வாயைத் திறப்பதற்குள் பைகள் காலடிக்கு வந்துவிட்டன. அதற்கடுத்த வருஷம் வேனில் ஏறும்போதே அவர் மடிக்கு வந்தன. அவர் இல்லாத இடத்தில் என் அம்மா மற்றவர்களிடம், “பாவம், அவட்ட ஒண்ணும் கேட்டுராதீங்க” என்று சொல்லி வைத்திருந்தாள்.

“எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு,” என்று ஜாஹிராக்கா பிறகு சொன்னார். “ஆனா யாராவது ஒருத்தி கேட்டா என்னன்னும் இருந்துச்சு. கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். கேக்காததுல, சரி, இனிமே நம்ம இடம் இதுதான் போலன்னு ஆயிட்டு.”

அருவிக் குளியல் என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். எனக்கே அப்போது தோன்றியது. கேட்டேன். அவர் ஊசியில் நூலைக் கோத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அங்க நிக்கையில ஒண்ணும் யோசிக்க முடியாதுட்டி. அந்தச் சத்தத்துல புருசன் வெளிநாட்டுல இருக்கது, மகன் போன் பண்ணாதது, ஆஸ்பத்திரி, எல்லாம் போயிரும். என் பேரே எனக்கு மறந்துரும். மூணு வருசமா எம்பேரு எனக்கு ஒரு நிமிசம்கூட மறக்கல.”

இந்தச் சித்திரையில் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் போனபோது பர்சானாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி டாக்டர் எழுந்துகொள்ளும் நேரத்தில், அருவியில் குளிக்கலாமா என்று கேட்டார். அந்த இளம் டாக்டருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும், “அதினெந்தா, குளிச்சோளூ” என்று சிரித்தாராம். அதுக்கென்ன, தாராளமாகக் குளியுங்கள் என்று அர்த்தம். இடது கையில் நேராகத் தண்ணீர் அடிக்கக் கூடாது, அந்தக் கையால் யாரையும் எதையும் இழுக்கக் கூடாது, குளித்ததும் நன்றாகத் துவட்ட வேண்டும். அவ்வளவுதான்.

டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றார் ஜாஹிராக்கா. திரும்பி வரும்போது மலைப்பாதையில் பஸ் ஏறி இறங்குகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாராம். அதுவரை தடுத்தது டாக்டர் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தானும் பாதி அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். இனி அப்படி நம்ப முடியாது. தெருவில் யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை.

ஆனி மாதம் நடுவில் நல்ல சாரல் விழுந்தது. தண்ணீர் அதிகமாகி இரண்டு நாள் குளிக்கத் தடை போட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவாக இருக்கும். சுபுஹு தொழுகை முடிந்து விடியத் தொடங்கும்போது எங்கள் தெரு வேன் கிளம்பியது. அம்மா, நான், ஜாஹிராக்கா, பர்சானா, பூக்கட்டி விற்கிற உலகம்மைப் பெரியம்மை, இன்னும் இரண்டு வீட்டுப் பெண்கள். பைகள் தன்னால் ஜாஹிராக்காவின் மடிக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டார்.

எனக்கு அன்று விடியற்காலைதான் மாதவிலக்கு வந்திருந்தது. வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் கிளம்பிவிட்டேன். அதனால் ஐந்தருவியில் இறங்கியதும், ஈரம் படாத ஒரு திண்டாகப் பார்த்து நான் முதலில் உட்கார்ந்து, “நீங்க போங்க, நான் பையப் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

யாரும் நகரவில்லை.

“எப்பவும் நான்தான பாக்கது,” என்றார் ஜாஹிராக்கா.

“எனக்கு இன்னைக்கு முடியாதுக்கா. நீங்க போங்க.”

“சரி. ரெண்டு பேருமா இருப்போம்.”

அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். என்னவென்று எனக்குப் புரியவில்லை. உலகம்மைப் பெரியம்மைக்கு வாய் சும்மா இருக்காது.

“ரெண்டு ஆளு காவல் காக்க உள்ள என்ன தங்கமா ஏட்டி இருக்கு? என் பையில ஒரு நைட்டி. அதுவும் முதுகுல கிழிஞ்சது.”

ஒருத்தி சிரித்தாள். சிரித்ததும் நிறுத்திக்கொண்டாள். பெரியம்மைக்கும் தான் யாரிடம் சொல்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது போல, சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போது பர்சானா பேசினாள். தெருவுக்குப் புதியவள். இங்கே எதைக் கேட்கக் கூடாது என்பது அவளுக்கு இன்னும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

“மாமி, டாக்டரு குளிக்கலாம்னு சொன்னாருல்லா?”

“டாக்டரா?” என்றாள் அம்மா. “தண்ணியே படக் கூடாதுன்னுல்லா நாங்க நெனச்சோம்.”

“யாரு சொன்னா?” என்று கேட்டார் ஜாஹிராக்கா.

“யாரும் சொல்லல.”

“பெறவு?”

“நாங்களா நெனச்சிக்கிட்டோம்.”

“மூணு வருசமாவா?”

“நீ ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் கேக்கல?”

பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களைத் தாண்டி ஒரு வேன் கூட்டம் துண்டுகளோடு அருவிக்குப் போனது.

“இன்னைக்கு வேண்டாம்,” என்றார் ஜாஹிராக்கா. “மாத்துத் துணி கொண்டு வரல.”

“நான் எடுத்து வச்சிருக்கேன் மாமி.”

“உன்ட்ட யாரு எடுத்து வைக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

ஜாஹிராக்கா மருமகள் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பர்தாவின் மேல் ஊசியைக் கழற்றினார். பர்சானா நீட்டிய துண்டை வாங்கிக்கொண்டு, உடை மாற்றும் அறைப் பக்கம் போனார்.

வெகு நேரம் வரவில்லை. கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. குளிக்கப் போக வேண்டியவர்கள் யாரும் போகாமல், எதையோ தேடுவது போலத் தங்கள் பைகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் பிறகு சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாராம். இப்போது வைத்திருக்கும் புதுப் பொதியோடு போனாலும் பழைய கதைதான் நடக்கும். அது இல்லாமல் போனால் நனைந்த துணி உடம்பில் ஒட்டும்போது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வழி, திரும்பிப் போய்ப் பையோடு உட்காருவது. வெளியே யாரோ கதவைத் தட்டி, சீக்கிரம் வாங்க என்றாளாம்.

“அவ தட்டலைன்னா உள்ளயே நின்னுருப்பேன். தைரியம்லாம் ஒண்ணும் வரல. பின்னால ஆளு நிக்காவளேன்னு வெளிய வந்தேன்.”

பழுப்பு நிறச் சுடிதாரில் வந்தார். துப்பட்டாவை மார்புக்குக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் முடிந்திருந்தார். கையில் துண்டில் பொதிந்த சின்ன உருண்டை. என்னிடம் நீட்டினார்.

“இதையும் பாத்துக்கோ. கடுகு இருக்கு. நனைச்சிராத.”

அந்தக் கடுகின் கதை அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் வாங்கியதும் கனத்தில் அது என்னவென்று தெரிந்தது. உலர்ந்த துணிகளுக்கு நடுவில், பையின் அடியில் வைத்தேன்.

உலகம்மைப் பெரியம்மை கையை நீட்டினாள். “கையக் குடு.”

“நான்லா மத்தவளுவ கையப் பிடிப்பேன்.”

“ஆமா, பிடிச்ச. இன்னைக்கு நான் பிடிக்கேன். பயப்படாத, இழுக்க மாட்டேன். இழுக்க எனக்கு எங்கட்டி தெம்பு இருக்கு?”

அந்த இடத்தில்தான் அவர் அதிகம் தயங்கினார். துணியைப் பற்றிய கூச்சத்தைவிட, கையைக் கொடுப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். இனிமேல் அந்த இடது கை யாரையும் இழுக்காது. முன்னால் நின்று ஒவ்வொருத்தியாக உள்ளே சேர்த்த ஜாஹிரா இனி இல்லை. அது போனது போனதுதான். இப்போது அருவிக்குள் போவதென்றால், வேறு ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, வேறு ஆளாகத்தான் போக வேண்டும். வலது கையைக் கொடுத்தார். இடது பக்கம் பர்சானா நடந்தாள். மாமியாரின் கையைத் தொடாமல், கூட்டம் இடிக்காதபடி முழங்கைகளை அகட்டிக்கொண்டு போனாள்.

நான் பைகளோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சில வருஷங்களில் துணிச்சலான காரியங்கள் என்று சொல்லப்படுபவை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து குதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு தடவை குதித்திருக்கிறேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மேலே வந்ததும் கைதட்டுவார்கள். இங்கே ஈரப் பாறையில் பத்து அடி தூரம். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி அதில் நடந்து போகிறாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பாதியில் நின்று துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். மறுபடி நடக்கிறாள்.

முதலில் சாரல் மட்டும் தெறிக்கிற ஓரத்தில் நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதுவே போதும் என்றும் நினைத்தேன். அம்மா அவரைத் தாண்டி உள்ளே போனவள், திரும்பி வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். மற்றவர்களும் அப்படியே. அந்தச் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்காது.

பிறகு ஜாஹிராக்கா பெரியம்மையின் கையை விட்டார். கம்பியை வலது கையால் பிடித்து, தலையைக் குனிந்து, இடது தோளை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் முதுகில் விழுந்தது. கொண்டை அவிழ்ந்தது. துப்பட்டாவைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பர்சானா குனிந்து பிடிக்கப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்படியே நின்றார்.

அடுத்து நடந்ததைப் பர்சானா சொல்லித் தெரியும். மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாளாம். ஜாஹிராக்கா தலையைத் தூக்கி மூச்சு வாங்கியபோது அவள் நேராக அவர் மார்பைப் பார்த்தாள். ஒரு பக்கம் இருந்தது, ஒரு பக்கம் இல்லை. அந்தப் பெண் பார்வையை எடுத்து, முகத்தைப் பார்த்து, “அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாங்களும் குளிக்கணும்ல” என்றாள்.

“பொறும்மா. எனக்கு மூணு சீசன் தண்ணி பாக்கி இருக்கு,” என்று சொல்லிவிட்டு ஜாஹிராக்கா நகர்ந்தாராம். ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு.

இட்லி சாப்பிட்டு வேனில் ஏறியபோது எல்லோருக்கும் நடுக்கமாக இருந்தது. அவருடைய இடது கை லேசாக வீங்கியிருந்தது. பர்சானா துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்து, தன் பையை அடியில் வைத்துக் கையை அதன்மேல் தூக்கி வைத்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

“வலிக்கத்தான் செய்யுது. ரெண்டு நாளு தைக்க முடியாது. உன் சாக்குச் சட்டை கெடக்கட்டும்.”

வேன் மேலகரம் தாண்டும்வரை எல்லோரும் குளித்த அசதியில் சாய்ந்து கிடந்தார்கள். உலகம்மைப் பெரியம்மைதான் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைக் காட்டிக் கேட்டாள்.

“இவளுக்கு அடுத்த செவ்வாய்க்கு சரியாயிரும். அப்ப பையப் பாக்க யாரு?”

அம்மா வெளியே பார்த்தாள். மற்ற இரண்டு பெண்களும் இட்லிப் பாத்திரத்தை மூடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

“நான் இல்ல,” என்றார் ஜாஹிராக்கா.